வாக்கில்லையேல் வரியில்லை: ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள்



ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஆசிரியர் அறையில் வேறு பேச்சே இராது. "பாரம் அனுப்பியாகிவிட்டதா?" என்பதே காலை வணக்கமாகிவிடும். நூல் வாங்கிய இரசீதைத் தேடுவோர் ஒருபுறம், கடவுச்சொல்லை மறந்துவிட்டு விழிப்போர் மறுபுறம். இவ்வாண்டும் நான் வழக்கம்போல் ஓர் இரவு கணினியின் முன் அமர்ந்தேன். கணவருடன் சேர்ந்த மதிப்பீடா, தனி மதிப்பீடா என்று கேட்கும் கட்டம் வந்தது. 'தனி' என்பதைத் தட்டிவிட்டு அடுத்த கட்டத்திற்குப் போக எனக்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை.

என் தாயாருக்கு அந்தக் கட்டம் இருந்ததில்லை.

அம்மாவும் தமிழ்ப்பள்ளி ஆசிரியைதான். அப்பா தோட்டத்து அலுவலகத்தில் கிராணி. அம்மாவின் சம்பளம் அப்பாவின் சம்பளத்தைவிடக் கூடுதல் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத செய்தி. 1980-களின் பிற்பகுதியில், நான் கீழ்வகுப்பில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆண்டுக்கொரு முறை அப்பாவின் பெயருக்குப் பழுப்பு உறை ஒன்று வரும். அன்றிரவு உணவு மேசையில் ஒருவித அமைதி நிலவும். அப்பா எழுதுகோலை எடுத்து வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, "உன் சம்பளக் கணக்கைக் கொஞ்சம் கொண்டா" என்பார். அம்மா ஏற்கெனவே மடித்து வைத்திருந்த தாளை நீட்டுவார். அப்பா அந்த எண்ணைத் தம் பெயருக்குக் கீழே எழுதுவார். எழுதும்போது நிமிர்ந்து பார்க்கமாட்டார். "காசு என்னோடது, பேரு உங்கப்பாவோடது" என்று அம்மா பாத்திரம் கழுவும்போது சிரித்துக்கொண்டே சொல்வார். அது முழுச் சிரிப்பன்று என்பது எனக்கு மிகப் பின்னரே விளங்கிற்று.

இது எங்கள் வீட்டு வழக்கமன்று, நாட்டுச் சட்டம். நம் நாட்டின் 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 45-ஆம் பிரிவின்படி, கணவனோடு வாழும் மனைவியின் வருமானம் பொதுவிதியாகக் கணவனுடைய வருமானமாகவே கொள்ளப்பட்டது. 1991-ஆம் மதிப்பீட்டு ஆண்டு தொடங்கித்தான் மனைவி என்பவள் தானாகவே தனியொரு வரிசெலுத்துநர் ஆனாள். சட்டம் மாறிய பின் அம்மாவின் பெயரிலேயே முதல் உறை வந்தது. அவர் அதைப் பிரிக்காமல் இரண்டு நாள் சாமி படத்தின் அருகில் வைத்திருந்தார். வரி கேட்டு வந்த கடிதத்தைச் சாமி மாடத்தில் வைத்தவர் இந்நாட்டில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்!

பல ஆண்டுகள் கழித்து, நன்னெறிப் பாடத்துக்குக் 'குடிமக்களின் கடமை' என்ற தலைப்பில் குறிப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, 1912-இல் இலண்டனில் ஒரு பள்ளி ஆசிரியர் தம் மனைவியின் வருமான வரிக்காகச் சிறை சென்றார் என்ற செய்தி கண்ணில் பட்டது. 'ஆசிரியர்' என்ற சொல்லே என்னை நிறுத்தியது. தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, எங்கள் வீட்டு உணவு மேசையே கண்முன் வந்தது.

அவர் பெயர் மார்க் வில்க்ஸ். இலண்டன் மாவட்ட மன்றத்தின் பள்ளியொன்றில் பணியாற்றியவர். மனைவி எலிசபெத் வில்க்ஸ் மருத்துவர். வருமானம் கணவரைவிட அதிகம். பிரிட்டனில் 1882-ஆம் ஆண்டுச் சட்டம் மணமான பெண்ணின் சொத்து அவளுக்கே உரியது என்று சொல்லிவிட்டது. ஆனால் 1842-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் மட்டும், கணவனோடு வாழும் மனைவியின் வருமானம் கணவனுடையதாகவே கருதப்படும் என்று அசையாமல் நின்றது. அங்கும் அது 45-ஆம் பிரிவுதான்! பணம் அவளுடையது, கடன் அவனுடையது. அவள் எவ்வளவு ஈட்டுகிறாள் என்று அவனிடம் சொல்ல வேண்டும் என அவளைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

எலிசபெத் அம்மையார் முதலில் நேரடியாகவே வரி கட்ட மறுத்தார். வீட்டுப் பொருள்கள் பறிமுதலாயின. பிறகு அவர் சட்டத்தையே திருப்பிப் பிடித்தார். 'உங்கள் சட்டப்படி என் வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியவர் என் கணவர். அப்படியிருக்க என் பொருள்களை எப்படி எடுத்தீர்கள்?' என்பது அவரது வாதம். அதிகாரிகள் கணவரிடம் போனார்கள். தமக்கு மனைவியின் வருமானம் தெரியாது, தெரிந்தாலும் அந்த வரியைக் கட்டத் தம் சம்பளம் போதாது என்று கணவர் கைவிரித்தார். 1912 செப்டம்பரில் அவரைக் கைது செய்து பிரிக்ஸ்டன் சிறையில் அடைத்தார்கள். சிறைக்கு வெளியே ஊர்வலங்கள் நடந்தன. சக ஆசிரியர்கள் அவருக்காக மனுக் கொடுத்தார்கள். நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா கண்டனக் கூட்டத்தில் பேசினார். அவருடைய மனைவியும் சொந்தச் செல்வம் உடையவர் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். சுமார் இரண்டு வாரங்களில், வரி வசூலாகாமலேயே, வில்க்ஸ் வெளியே வந்தார். மனைவி கட்டாத வரிக்காகக் கணவனை எத்தனை நாள் உள்ளே வைப்பது? அரசாங்கத்துக்கே விடை தெரியவில்லை போலும்.

இது ஒரு குடும்பத்தின் பிடிவாதம் என்று முதலில் நினைத்தேன். அப்படியன்று. எலிசபெத் வில்க்ஸ் ஓர் இயக்கத்தின் பொருளாளர். 1909 அக்டோபர் 22-ஆம் நாள் லூயிசா காரெட் ஆண்டர்சன் என்னும் பெண் மருத்துவரின் இல்லத்தில் கூடித் தொடங்கப்பட்ட 'மகளிர் வரி மறுப்புக் கழகம்' அது. 'வாக்கில்லையேல் வரியில்லை' என்பதே அவர்களது முழக்கம். அவர்களுடைய சின்னத்தில் ஒரு கப்பல் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில், நாடாளுமன்றத்தைக் கேளாமல் மன்னர் விதித்த கப்பல் வரியைக் கட்ட மறுத்து ஜான் ஹாம்டன் வழக்காடினார் அல்லவா? அவர் மறுத்த தொகை வெறும் 20 ஷில்லிங். ஆண்கள் வீரமென்று பாடநூலில் எழுதிவைத்ததைத்தான் நாங்களும் செய்கிறோம் என்பதை ஒரு கப்பல் படத்தால் சொல்லிவிட்டார்கள்.

கழகம் தோன்றுமுன் தனியாக மறுத்தவர்களும் உண்டு. டோரா மாண்டிஃபியோர் என்ற அம்மையார் 1906-இல், இலண்டன் ஹாமர்ஸ்மித்தில், உயர்ந்த மதில் சூழ்ந்த தம் வீட்டின் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஆறு வாரம் அதிகாரிகளை உள்ளே விடவில்லை. உணவுப் பொருள்கள் மதிலைத் தாண்டிப் போயின. மதிலுக்கு வெளியே ஆதரவாளர்கள் கூட்டம் நடத்தினார்கள். இறுதியில் அதிகாரிகள் உடைத்துக்கொண்டு நுழைந்து பொருள்களை எடுத்துச் சென்றார்கள். வீரந்தான், ஐயமில்லை. ஆனால் எல்லோருக்கும் மதில் சூழ்ந்த வீடு இருக்குமா?

கழகம் செய்தது, அந்தத் தனி வீரத்தை யாரும் செய்யக்கூடிய ஒரு முறையாக மாற்றியது. என்னை ஈர்த்ததும் இந்த அமைப்பு வேலைதான். பள்ளி விளையாட்டுப் போட்டியோ பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமோ நடத்தியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஓர் உறுப்பினர் வரி கட்ட மறுப்பார். அதிகாரிகள் வந்து ஒரு மேசையையோ வெள்ளித் தட்டையோ எடுத்துச் செல்வார்கள். அது பொது ஏலத்துக்கு வரும். ('லேலோங்' என்றால்தான் நம்மில் பலருக்குப் புரியும்.) ஏலம் சட்டப்படி வெளிப்படையாக நடந்தாக வேண்டும் அல்லவா? அந்த வெளிப்படையையே அவர்கள் மேடையாக்கிக்கொண்டார்கள். ஏல நாளைக் கழகத்தின் செயலாளர் முன்கூட்டியே அறிந்து உறுப்பினர்களுக்குச் சொல்லிவிடுவார். கொடி, பதாகை, துண்டறிக்கையோடு அவர்கள் ஏலக்கூடத்துக்குப் போவார்கள். பொருள் ஏன் ஏலத்துக்கு வந்தது என்பதை ஒருவர் எழுந்து விளக்குவார். இடங்கொடுத்த ஏலக்காரர்களும் உண்டு. பிறகு தோழி ஒருவர் அதே பொருளை ஏலத்தில் எடுத்து உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். வெளியே வந்ததும் தெருமுனையில் ஒரு கூட்டம். அரசாங்கமே ஆளனுப்பிப் பொருளெடுத்து நாள் குறித்துக் கூட்டம் நடத்திக் கொடுத்தது போலாயிற்று! எல்லா இடத்திலும் இனிமையாக முடியவில்லை. ஹேஸ்டிங்ஸ் நகரில் ஒரு கும்பல் அவர்களைத் தாக்கியது.

கிளெமென்ஸ் ஹவுஸ்மன் என்ற ஓவியச் செதுக்குக் கலைஞர், வரி கட்ட வேண்டிய நிலை தமக்கு வரவேண்டும் என்பதற்காகவே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். அவர் கட்ட மறுத்த வீட்டு வரி 4 ஷில்லிங் 2 பென்ஸ். 1911-இல் அவரை ஹாலோவே சிறைக்கு அனுப்பி, ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். வரி வரவேயில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. அக்காலத்தில் ஆண்டு வருமானம் 160 பவுண்டைத் தாண்டியவர்களுக்கே வருமான வரி. ஆலைப் பெண்ணுக்கோ வீட்டு வேலைக்காரிக்கோ மறுப்பதற்கு அந்த வரியே கிடையாது. இயக்கத்தில் சேர்ந்து உண்மையில் வரி மறுத்தவர்கள் ஏறத்தாழ 220 பேர். பெரும்பாலும் வசதியுள்ள நடுத்தர வர்க்கத்தினர். ஏழைப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் அவர்கள் பேசினார்கள் என்றாலும், அவளால் அந்த ஏலக்கூடத்தில் நிற்க இயன்றிருக்காது.

ஆயினும் அவர்கள் வரியை வெறுத்தவர்கள் அல்லர் என்பதில் எனக்கு ஐயமில்லை. பணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர் 4 ஷில்லிங்குக்காகச் சிறைக்குப் போவாரா? வருமானத்தை மறைக்கவும் இல்லை, கணக்கைத் திருத்தவும் இல்லை. 'எங்கள் பணத்தை எண்ணுகிறீர்களே, எங்களை எண்ணவில்லையே' என்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு இந்தக் கதையை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று இளவரசி சோபியா துலீப் சிங்கில் தொடங்கினேன். பஞ்சாபின் கடைசி மகாராஜாவின் மகள், விக்டோரியா பேரரசியாரின் ஞானமகள், ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை வளாகத்தில் அரச குடும்பம் அளித்த வீட்டில் வாழ்ந்தவர். அவரும் இக்கழகத்தில் சேர்ந்தார். நாய், வண்டி, பணியாள் ஆகியவற்றுக்கான உரிமக் கட்டணத்தைக் கட்ட மறுத்ததால் 1911-இல் அவருடைய ஏழு வைரம் பதித்த மோதிரத்தை எடுத்துச் சென்று ஏலம் விட்டார்கள். தோழி ஒருவர் வாங்கித் திருப்பிக் கொடுத்தார். 1913-இல் மீண்டும் தண்டம் விதிக்கப்பட்டது. அப்போது போனது 131 முத்துக்கள் கோத்த மாலை. அதையும் கழகத்தார் ஏலத்தில் எடுத்து அவர் கழுத்துக்கே சேர்த்தார்கள். வகுப்பில் கைதட்டல்! பிறகு வில்க்ஸ் ஆசிரியரின் கதையைச் சொன்னேன். "டீச்சர், நம்ம சார் போவாரா ஜெயிலுக்கு?" என்று ஒருத்தி கேட்க, நானும் சிரித்துவிட்டேன்.

அப்போது பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். அதிகம் பேசாதவன்.

"டீச்சர், எங்க பாட்டிக்குச் சிவப்பு அடையாள அட்டை. ஓட்டுப் போட முடியாது. பாட்டி வரி கட்டுறாங்களா?"

எனக்கு உடனே விடை வரவில்லை. பாட்டிக்கு வருமான வரி வருமளவு வருமானம் இராது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் கடையில் வாங்கும் பல பொருள்களின் விலைக்குள் விற்பனை வரி ஒளிந்திருக்கிறது என்று அதற்கு முந்தின வாரந்தான் நானே கற்பித்திருந்தேன். "கட்டுறாங்கப்பா" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

இரண்டு நாளில் பெற்றோர் புலனக் குழுவில் ஒரு செய்தி வந்தது. வரி கட்டாதீர்கள் என்று பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லித் தருகிறார்களா என்று ஒரு தந்தை கேட்டிருந்தார். தலைமையாசிரியர் அழைத்தார். "நம்ம சம்பளமே வரிப்பணந்தான் அம்மா. இது பாடத்துல இருக்கா?" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த நாற்காலியில் இருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. நான் அரசு ஊழியர். மாதந்தோறும் என் சம்பளத்தில் வரி பிடிக்கப்படுகிறது. அதைக் குறித்து எனக்குப் புகாரும் இல்லை. எங்கள் பள்ளியின் கழிவறைச் சீரமைப்பும் பாலர் பள்ளி நாற்காலிகளும் எந்தப் பணத்தில் வந்தன என்பதை நான் அறிவேன். வாக்குரிமையும் தனிப் பாரமும் கையில் உள்ள நான் வரி மறுப்பைப் போற்றிப் பேசுவது பொருந்துமா? பொருந்தாது என்றே எனக்குப் பட்டது. அதே வேளையில், வாக்கில்லாத ஒருவர் கேட்ட கேள்வியை மறைத்துவிட்டு வரி குடிமகனின் கடமை என்று மட்டும் கற்பிப்பதும் எனக்குப் பாதிப் பாடமாகவே தோன்றியது.

மறுநாள் தலைமையாசிரியரிடம் முழுக் கதையையும் சொன்னேன். 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் கழகத்தார் தாமாகவே மறுப்பை நிறுத்தி வைத்தது, 1918-இல் முப்பது வயது கடந்த, சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கும், 1928-இல் ஆண்களுக்கு நிகராக எல்லாப் பெண்களுக்கும் வாக்கு கிடைத்தது, அப்படியும் மனைவியின் வருமானம் கணவனுடையது என்ற விதி பிரிட்டனில் 1990 ஏப்ரலில்தான் முற்றாக நீங்கியது ஆகிய எல்லாவற்றையும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "அப்ப இதையும் சேர்த்துச் சொல்லுங்க. பாதியில விடாதீங்க" என்றார். குழுவில் கேட்ட தந்தைக்கு நானே தொலைபேசியில் அழைத்து விளக்கினேன். அவர் லாரி ஓட்டுநர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த வாத்தியார் வேலைக்கு என்னாச்சு டீச்சர்?" என்றார். எல்லோரும் ஏதாவதொரு கேள்வியில் என்னை நிறுத்திவிடுகிறார்கள்!

அவ்வார இறுதியில் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். வில்க்ஸ் தம்பதியின் கதையைச் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். "கடைசி வரைக்கும் அந்தம்மா சம்பளத்தக் காட்டலையா?" என்றார். காட்டவில்லை என்றேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "உங்கப்பா பாவம். அந்தத் தாளக் கேக்கறதுக்குள்ள அவருக்கு வேர்த்துப் போயிடும்" என்றார். அந்த மேசையில் தலைகுனிந்தது அம்மா மட்டும் அல்லர் என்பதை அன்றுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஆண்டிறுதியில் தேர்ச்சி அறிக்கை பெறும் நாளன்று அந்த மாணவன் பாட்டியோடு வந்தான். தோட்டத்தில் பிறந்தவர், பிறப்புப் பத்திரம் எடுக்காத காலம். அறிக்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அந்த முத்துமாலைய நெசமாவே திருப்பிக் குடுத்துட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"குடுத்துட்டாங்க பாட்டி."

அவர் துணிப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். குடியுரிமை விண்ணப்பம். யாரோ நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துத் தரச் சொன்னார். வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். தொழில் என்ற இடத்தில், மலாய் மொழியில், 'இல்லத்தரசி' என்று இருந்தது. படித்துக் காட்டினேன்.

"முப்பது வருசமா இடியப்பம் விக்கிறேன் டீச்சர்," என்றார் பாட்டி.

ஒரு கோடு இழுத்து, மேலே 'சிறு வணிகர்' என்று எழுதினேன். கோட்டருகே அவர் தாமே கையொப்பம் இட்டார். இட்டு முடிக்கச் சற்று நேரமாயிற்று. அதுவரை பேரன் உறையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.